லண்டன் தெருவின் குரல் – 8: கராஜுக்குத் திரும்பியவர்கள்

மேனேஜரை அனுப்பியாயிற்று. ஒத்திகை பார்க்க இடம் இல்லை. வருமானம் வழக்கில் மாட்டிக்கொண்டது. எல்லாவற்றையும்விட மோசம், கையில் புதுப் பாட்டு ஒன்றுகூட இல்லை.

1979-ன் கோடை தொடங்கும்போது கிளாஷ் குழு நின்ற இடம் இதுதான்.

முந்தைய பகுதிகளைத் தவறவிட்டவர்களுக்கு நாலு வரி. வெளியுறவுத் துறை ஊழியரின் மகனாக அங்காராவில் பிறந்தவர் ஜோ ஸ்ட்ரம்மர். லண்டனில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய வீடுகளில் குடியேறி, பப்புகளில் பாடிப் பிழைத்தவர். 1976 ஏப்ரலில் அவருடைய குழுவுக்கு முன்னால் பாட வந்த செக்ஸ் பிஸ்டல்ஸைப் பார்த்த அன்றே தன் பழைய பாட்டெல்லாம் செத்துவிட்டது என்று உணர்ந்தார். நெடுஞ்சாலை மேம்பாலத்தைப் பார்த்து நிற்கும் அடுக்குமாடியின் பதினெட்டாவது தளத்தில், பாட்டியோடு வாழ்ந்த மிக் ஜோன்ஸ் கிட்டார் வாசித்தார். ஓவியக் கல்லூரியில் படித்த பால் சிமனனுக்கு பேஸ் கிட்டார் வாசிக்கத் தெரியாது. எந்த இடத்தில் எந்த ஸ்வரம் என்று கிட்டாரின் கழுத்திலேயே பெயின்டால் எழுதி வைத்துக்கொண்டு கற்றார். டிரம்ஸுக்கு டாப்பர் ஹெடன் 1977-ல் வந்து சேர்ந்தார். இந்த நால்வரையும் சேர்த்துக் கட்டிப்போட்ட சூத்திரதாரி, மேனேஜர் பெர்னி ரோட்ஸ்.

அந்த ரோட்ஸை 1978 இலையுதிர்காலத்தில் குழு வெளியேற்றியது. அவர் சும்மா போகவில்லை, நீதிமன்றத்துக்குப் போனார். கேம்டன் டவுனில் குழு ஒத்திகை பார்த்து வந்த கட்டடமும் அவர் வசம்தான் இருந்தது. ஆக, தலைக்கு மேலிருந்த கூரையும் போயிற்று.

இங்கிருந்து எட்டு மாதத்தில் அவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை. ஒரு குழு இசையில் செய்யக்கூடிய மிகத் துணிச்சலான காரியம் இந்த எட்டு மாதத்தில் நடந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

* * *

செத்துப்போன புரட்சி

அவர்களுடைய நெருக்கடி அவர்களோடு மட்டும் நிற்கவில்லை. பங்க் என்ற அலையே வடிந்துகொண்டிருந்தது.

1978 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ மேடையோடு செக்ஸ் பிஸ்டல்ஸ் உடைந்தது. 1979 பிப்ரவரி 2 அன்று நியூயார்க்கில் அந்தக் குழுவின் சிட் விஷியஸ் ஹெராயினுக்குப் பலியானார். வயது 21. பத்திரிகைகள் பங்க்குக்கு இரங்கல் எழுதத் தொடங்கிவிட்டன.

உண்மையில் இரங்கல் எழுதும் வேலையை அந்த வட்டாரத்து ஆட்களே இரண்டு வருடம் முன்பே செய்திருந்தார்கள். 1977 ஜனவரியில் கிளாஷ் சி.பி.எஸ். கம்பெனியோடு 100,000 பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டதே, அன்றைக்கே பங்க் செத்துவிட்டது என்று 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற கையெழுத்துப் பத்திரிகையை நடத்திய மார்க் பெர்ரி தீர்ப்புச் சொன்னார். அந்தப் பழி கிளாஷின் முதுகில் ஒட்டிக்கொண்டே வந்தது.

பங்க்குக்கு அதற்குள் சட்டதிட்டங்கள் முளைத்திருந்தன. பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. கிட்டார் சாதுரியம் காட்டக் கூடாது. முக்கியமாக, பழையதைத் தொடக் கூடாது. எல்விஸ், பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் எல்லாம் தீண்டத்தகாத பெயர்கள். 1977-ல் கிளாஷே தன் பாட்டு ஒன்றில் அந்த மூன்று பெயர்களையும் ஒதுக்கி வைத்தது.

எல்லாக் கட்டையும் அறுக்க வந்த இயக்கம் தன் பிள்ளைகளுக்கே புதுக் கட்டுகளைப் பூட்டியது. அதற்குள் அடங்கிய குழுக்கள் வேகமாகத் தேய்ந்தன. அடங்காமல் வெளியே போனால் துரோகி என்ற பட்டம் காத்திருந்தது.

கிளாஷின் இரண்டாவது ஆல்பம் 1978 நவம்பரில் வந்து இங்கிலாந்தில் இரண்டாம் இடம் வரை போனது உண்மைதான். ஆனால் அமெரிக்கத் தயாரிப்பாளர் ஒருவரை வைத்து, மெருகு போட்டு மெருகு போட்டு, உயிர் கொஞ்சம் உலர்ந்துபோன ஆல்பம் அது. அடுத்தது என்ன என்று கேட்டால் நால்வரிடமும் பதில் இல்லை. ஸ்ட்ரம்மரும் ஜோன்ஸும் சேர்ந்து உட்கார்ந்து புதிதாக ஒன்று எழுதி வெகுநாளாயிற்று.

* * *

பிம்லிகோவில் ஓர் அறை

ஒரு பழைய விமர்சனத்தை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 1976 ஆகஸ்டில் கிளாஷ் மேடையேறியபோது என்.எம்.இ. இதழில் சார்ல்ஸ் ஷார் மர்ரி எழுதியது. இது கராஜில் இருக்க வேண்டிய குழு, இவர்களைத் திரும்ப கராஜுக்குள் அனுப்பி, கார் எஞ்சினை ஓடவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும் என்ற பொருளில் எழுதினார். கொலை வாசகம். அந்தக் காயத்திலிருந்தே ஒரு பாட்டு எழுதித் தங்கள் முதல் ஆல்பத்தை முடித்தார்கள்.

மூன்று வருடம் கழித்து, 1979 மே மாதம், அவர்கள் தாங்களாகவே ஒரு கராஜுக்குள் போனார்கள்.

தேம்ஸ் நதிக்கு வடகரையில் பிம்லிகோ. அங்கே காஸ்டன் தெருவில் கார் பழுது பார்க்கும் ஒரு கராஜ். அதன் பின்கட்டில் 'வெனிலா' என்று ஓர் ஒத்திகை அறை. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இசைக்குழு இருப்பதற்கான அடையாளமே தெரியாது. குழுவின் உதவியாளர்கள் ஜானி கிரீனும் பேக்கரும் தேடிப் பிடித்த இடம். ரசிகர்களோ பத்திரிகையாளர்களோ எட்டிப் பார்க்க வழியில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

தினமும் மதியம் நால்வரும் வந்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் வாசிப்பார்கள். பிறகு எதிரே இருந்த சிமெண்டு மைதானத்தில் கால்பந்து. அது விளையாட்டுக்கான விளையாட்டு இல்லை. முழங்கால் பெயர்ந்தது, கணுக்கால் வீங்கியது. கம்பெனியிலிருந்து யாராவது வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தால், அவரையும் களத்தில் இறக்கி நன்றாக உதைத்து அனுப்பினார்கள். பிறகு பப், அதன்பின் மறுபடி ஒத்திகை.

முதல் சில நாட்கள் சொந்தப் பாட்டு எதுவும் வரவில்லை. அதனால் அடுத்தவர் பாட்டை வாசித்தார்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்தக் கதையின் திருப்புமுனை இதுதான், ஆனால் அந்த அறையில் இருந்த யாருக்கும் அப்போது அது திருப்புமுனையாகத் தெரிந்திருக்காது. பாட்டு வராத நாலு பேர், நேரம் போக, தங்களுக்குப் பிடித்த பழைய தட்டுகளை வாசித்துப் பார்க்கிறார்கள். 1950-களின் ராக் அண்ட் ரோல், ஜமைக்காவின் ஸ்காவும் ரெகேயும், ரிதம் அண்ட் ப்ளூஸ், கொஞ்சம் ஜாஸ். பங்க் சட்டப்படி இதில் பாதி குற்றம்.

அந்த அறையில் சட்டம் பேச யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது.

அப்போதுதான் ஒவ்வொருவரிடமும் எவ்வளவு புதைந்து கிடந்தது என்று வெளியே வந்தது. டாப்பர் ஹெடன் பங்க்குக்காகத் தன் கையை வேண்டுமென்றே கட்டிப்போட்டிருந்த டிரம்மர். சோல், ஜாஸ், ரெகே எதைக் கேட்டாலும் வாசிக்கக்கூடியவர். பால் சிமனன் சிறுவயதில் பிரிக்ஸ்டனில் கறுப்பினப் பையன்களோடு வளர்ந்தவர். ரெகேயின் பேஸ் அவர் காதுக்குள் இருந்தது. ஜோன்ஸுக்கு மெட்டும் இசைக்கோப்பும். ஸ்ட்ரம்மருக்கு அமெரிக்கப் பழம்பாட்டு. பங்க் என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு இத்தனை காலமும் நால்வரும் தங்களில் பாதியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

பழம்பாட்டு வாசிக்க வாசிக்கப் புதுப்பாட்டு ஊறத் தொடங்கியது. ஸ்ட்ரம்மர் டைப்ரைட்டரில் வரிகளைத் தட்டி ஜோன்ஸிடம் கொடுப்பார். ஜோன்ஸ் மெட்டுப் போடுவார். சில வாரத்தில் பாட்டுகள் குவிந்துவிட்டன.

ஒரு பாட்டை மட்டும் சொல்கிறேன். சூப்பர் மார்க்கெட்டில் தொலைந்துபோனவன் ஒருவனைப் பற்றியது. தாயும் பாட்டியும் வளர்த்த ஜோன்ஸின் தனிமையான பால்யத்தைக் கற்பனையில் கண்டு எழுதியவர் ஸ்ட்ரம்மர். எழுதி, அதை ஜோன்ஸுக்கே பாடக் கொடுத்துவிட்டார். பின்னாளில் இந்த இருவருக்கும் இடையே என்ன நடந்தது என்று தெரிந்தவர்களால் அந்தப் பாட்டைச் சாதாரணமாகக் கேட்க முடியாது. அந்தக் கதைக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது.

சிமனனுக்கு வேறொரு கணக்கு. பாட்டு எழுதுகிறவருக்குத்தான் பணம் வருகிறது என்று அவர் கவனித்திருந்தார். தானும் ஒன்று எழுதினார், தானே பாடினார். பிரிக்ஸ்டனில் போலீஸ் வந்து கதவை உதைத்தால் என்ன செய்வாய் என்று கேட்கும் பாட்டு. இரண்டு வருடத்தில், 1981 ஏப்ரலில், பிரிக்ஸ்டன் உண்மையிலேயே பற்றி எரிந்தது.

* * *

அறைக்கு வெளியே

அந்த அறையில் ஜன்னல் இருந்ததோ இல்லையோ, வெளியே நாடு மாறிக்கொண்டிருந்தது.

குளிர்காலம் முழுக்க வேலைநிறுத்தம். தெருவில் குப்பை மலை. மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் தீவு அணு உலையில் விபத்து. மே 3 தேர்தலில் மார்கரெட் தாட்சர் வென்றார்.

இடையில் ஏப்ரல் 23. பஞ்சாபிகள் பெருவாரியாக வாழும் மேற்கு லண்டன் சவுத்தாலில், நேஷனல் ஃபிரண்ட் என்ற நிறவெறிக் கட்சி தேர்தல் கூட்டம் போட வந்தது. எதிர்த்து ஊரே திரண்டது. போலீஸ் அடித்து நொறுக்கியது. தலையில் அடிபட்ட பிளேர் பீச் என்ற ஆசிரியர் இறந்தார். நூற்றுக்கணக்கானவர்கள் மீது வழக்கு.

ஜூலை 14 அன்று லண்டன் ரெயின்போ அரங்கில் அந்த வழக்குகளுக்கு நிதி திரட்டக் கச்சேரி நடந்தது. வெனிலாவிலிருந்து கிளாஷ் வெளியே வந்து வாசித்தது. கையில் காசில்லாத குழு அது. முந்தைய ஆண்டு விக்டோரியா பூங்காவில் நிறவெறிக்கு எதிராகத் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் வாசித்ததை ஐந்தாம் பகுதியில் பார்த்தோம். அது மேடைக்கான முழக்கமாக நிற்கவில்லை என்பதற்கு இந்த ஜூலை மாலை சாட்சி.

ஸ்ட்ரம்மர் செய்தித்தாளை மேய்ந்துகொண்டே இருந்தார். அணு விபத்து, தேம்ஸ் நதி கரை உடைத்தால் லண்டனின் நடுப்பகுதியே மூழ்கும் என்ற எச்சரிக்கை, பஞ்சம் பற்றிய கட்டுரைகள். வெள்ளத்தைத் தடுக்கும் தேம்ஸ் தடுப்பணை அப்போது பாதிதான் எழுந்திருந்தது. ஸ்ட்ரம்மரின் வீடோ ஆற்றை ஒட்டி. இவையெல்லாம் சேர்ந்து ஒரு பாட்டாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் பிடித்து வைத்திருந்த ஐரோப்பாவுக்கு பி.பி.சி. வானொலி தன் ஒலிபரப்பைத் தொடங்கிய அறிவிப்பையே பாட்டுக்குத் தலைப்பாக வைத்தார்: 'லண்டன் காலிங்'.

* * *

நாற்காலி வீசும் தயாரிப்பாளர்

பாட்டு இருக்கிறது. பதிவு செய்ய ஆள் வேண்டும்.

வெனிலாவிலேயே நாலு டிராக் டேப்பில் பாட்டுகளை ஒத்திகைப் பதிவாகப் பிடித்திருந்தார்கள். அதை ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு ஜானி கிரீனுடையது. போகிற வழியில் பப்பில் இறங்கினார். பிறகு சுரங்க ரயிலில் தூங்கிப்போனார். தன் நிறுத்தம் வந்ததும் திடுக்கிட்டு எழுந்து குதித்தார். டேப் இருந்த பை ரயிலோடு போய்விட்டது. இன்னொரு பிரதி மிக் ஜோன்ஸின் பெட்டிகளுக்குள் கிடந்து, கால் நூற்றாண்டு கழித்து, 2004-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

அந்த டேப் போய்ச் சேர வேண்டிய ஆள் கய் ஸ்டீவன்ஸ்.

கம்பெனிக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். 1960-களில் சோஹோவின் 'சீன்' கிளப்பில் தட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர். அமெரிக்கக் கறுப்பின இசைத்தட்டுகளை இங்கிலாந்துக்குள் கொண்டுவந்து ஒரு தலைமுறைக்கே காது திறந்தவர். புரோகால் ஹாரம், மாட் தி ஹூப்பிள் ஆகிய குழுக்களுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். போதைப்பொருள் வழக்கில் சிறைக்குப் போனார். உள்ளே இருந்த காலத்தில் அவருடைய தட்டுகளெல்லாம் களவு போயின. உயிரையே பறித்ததுபோல் ஆயிற்று. வெளியே வந்து குடியில் விழுந்தார். 1979-ல் அவரை வைத்து ஆல்பம் எடுக்க யாரும் தயாராக இல்லை.

மிக் ஜோன்ஸுக்கு இதில் தனிக் கணக்கும் உண்டு. பையனாக இருந்தபோது மாட் தி ஹூப்பிளின் பின்னால் ஊர் ஊராகச் சுற்றிய ரசிகர் அவர். 1975-ல் ஜோன்ஸ் வாசித்த குழுவைத் தயாரிக்க ஸ்டீவன்ஸே வந்தார். வந்து பார்த்துவிட்டு, இந்தப் பையன் வேண்டாம் என்று சொல்லி ஜோன்ஸை வெளியே அனுப்ப வைத்தார். அந்த மனிதரைத்தான் நான்கு வருடம் கழித்துத் தன் வாழ்நாள் ஆல்பத்துக்குக் கூப்பிட ஜோன்ஸ் சம்மதித்தார்.

ஸ்ட்ரம்மர் லண்டன் பப்புகளில் ஸ்டீவன்ஸைத் தேடி அலைந்து, ஒரு பார் மேடையில் கண்டுபிடித்தார்.

ஆகஸ்டில் வேலை தொடங்கியது. இடம், ஹைபரியில் பழைய சர்ச் மண்டபம் ஒன்றை மாற்றிக் கட்டிய வெசெக்ஸ் ஸ்டுடியோ. ஒலிப்பதிவுப் பொறியாளர் பில் பிரைஸ். ஸ்டீவன்ஸ் தினமும் டாக்சியில் வருவார். வழியில் ஆர்சனல் கால்பந்து மைதானத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் ஸ்டுடியோவுக்கு வருவார்.

முதல் நாள், சும்மா கை சூடேற்ற, வின்ஸ் டெய்லரின் 1959-ம் வருடப் பாட்டான 'பிராண்ட் நியூ காடிலாக்'கை வாசித்தார்கள். முடிந்ததும் ஸ்டீவன்ஸ், இது போதும், பதிவாயிற்று என்றார். டாப்பர் ஹெடன் மறுத்தார். பாட்டு போகப் போக வேகம் கூடிவிட்டது, மறுபடி எடுக்கலாம் என்றார். ராக் அண்ட் ரோல் என்றால் வேகம் கூடத்தான் செய்யும் என்று ஸ்டீவன்ஸ் சொல்லிவிட்டார். அந்தப் பதிவுதான் ஆல்பத்தில் இருக்கிறது.

துல்லியம் அவருக்குப் பொருட்டில்லை. வாசிப்பவர்களின் ரத்தத்தைச் சூடாக்குவதுதான் தன் வேலை என்று நினைத்தார். பதிவு ஓடும்போதே ஏணியைப் பிடித்துச் சுழற்றினார். பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவரில் அடித்தார். ஸ்ட்ரம்மர் பியானோ வாசித்துக்கொண்டிருந்தபோது அதற்குள்ளேயே மதுவை ஊற்றினார். சி.பி.எஸ். தலைவர் மாரிஸ் ஓபர்ஸ்டைன் வந்து கேட்டுவிட்டுக் கிளம்பியபோது, ஆல்பம் பிரமாதம் என்று சொன்னால்தான் வழிவிடுவேன் என்று அவருடைய ரோல்ஸ் ராய்ஸ் காரின் முன்னால் படுத்துக்கொண்டார்.

இதையெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்குவது எளிது. இதே ஆளை வேறொரு குழுவிடம் விட்டிருந்தால் அங்கே பாழ்பட்ட டேப்புகள்தான் மிஞ்சியிருக்கும் என்பதும் உண்மை. ஆனால் கிளாஷ் வெனிலாவில் மூன்று மாதம் வாசித்து வாசித்துப் பாட்டுகளை எலும்புவரை அறிந்திருந்தது. ஒழுங்கு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதைக் கலைக்க ஒரு ஆள் தேவைப்பட்டார். பல பாட்டுகள் ஒன்றிரண்டு முயற்சியிலேயே பதிவாகின. மெருகேற்றும் வேலையை ஜோன்ஸும் பில் பிரைஸும் பொறுமையாகச் செய்தார்கள். தலைப்புப் பாட்டின் கடைசியில் தேய்ந்து மறையும் எஸ்.ஓ.எஸ். தந்திச் சமிக்ஞை இருக்கிறதே, அது ஜோன்ஸ் தன் கிட்டாரின் சுவிட்சைத் தட்டித் தட்டிப் போட்டது.

ஸ்டீவன்ஸ் அதன்பின் நெடுநாள் இருக்கவில்லை. 1981 ஆகஸ்டில், 38 வயதில், இறந்தார். அவர் கடைசியாக விட்டுப்போன பெரிய வேலை இதுதான்.

* * *

உடைந்த கிட்டார்

செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுப்பயணம். நியூயார்க், பல்லேடியம் அரங்கு.

அது நாற்காலி போட்ட அரங்கு. கூட்டம் எழுந்து ஆட முயன்றது. காவலர்கள் அமுக்கி உட்கார வைத்தார்கள். கிளாஷ் கச்சேரியில் உட்கார்ந்திருப்பது என்றால், பந்தியில் கையைக் கட்டிக்கொண்டு இலையைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி. மேடையில் பால் சிமனனுக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. நால்வரில் அமைதியானவர் அவர். திடீரென்று தன் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் கிட்டாரைக் கழுத்தில் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் ஓங்கி அடித்தார்.

மேடையோரம் கேமராவோடு பென்னி ஸ்மித் நின்றிருந்தார். தன் பக்கமாக வரும் கிட்டாரிலிருந்து தப்பிக்கப் பின்னால் நகர்ந்துகொண்டே படம் எடுத்தார்.

பிறகு அந்தப் படத்தை ஆல்பத்தின் அட்டைக்கு ஸ்ட்ரம்மர் கேட்டபோது பென்னி ஸ்மித் மறுத்தார். ஃபோகஸ் இல்லை, படம் கலங்கியிருக்கிறது என்பது அவர் வாதம். தொழில் தெரிந்தவரின் நியாயமான வாதம். ஸ்ட்ரம்மர் விடவில்லை. முகம் தெரியவில்லை, குனிந்த முதுகும் அகன்ற கால்களும் அந்தரத்தில் கிட்டாரும்தான் தெரிகின்றன. அதனால்தான் அது யாருடைய கோபமாகவும் இருக்க முடிகிறது.

அட்டையை வடிவமைத்தவர் கேலிச்சித்திரக்காரர் ரே லௌரி. பெயரை எழுத அவர் எடுத்துக்கொண்ட மாதிரி எல்விஸ் பிரெஸ்லியின் 1956 முதல் ஆல்பம்: பக்கவாட்டில் இளஞ்சிவப்பு எழுத்து, அடியில் பச்சை எழுத்து, அப்படியே.

1977-ல் எல்விஸை ஒதுக்கிய குழு. 1979-ல் அவருடைய அட்டைக்குள்ளேயே தன்னை வைத்துக்கொண்டது. வெனிலா அறையில் நடந்தது என்ன என்று இதைவிடத் தெளிவாக யாரும் அறிவித்திருக்க முடியாது. கடந்த காலத்தை உடைப்பதும் அதைச் சொந்தம் கொண்டாடுவதும் ஒரே சதுர அட்டையில்.

* * *

ஐந்து பவுண்டு

மிச்சம் இருந்தது விலை.

பாட்டுகள் ஒரு தட்டுக்குள் அடங்கவில்லை. இரட்டைத் தட்டு என்றால் கம்பெனி விலையை ஏற்றும். வேலையில்லாப் பையன்கள் வாங்கும் இசை இது. அவர்களால் கொடுக்க முடியாது. ஒரு தட்டின் விலைக்கு இரண்டு தட்டு வேண்டும் என்று குழு கேட்டது. சி.பி.எஸ். முடியாது என்றது.

சரி, ஆல்பத்தோடு இலவசமாக ஒரு சிங்கிள் கொடுக்கலாமா? கொடுக்கலாம். அந்த சிங்கிள் 12 அங்குலத் தட்டாக இருக்கலாமா? அதிலென்ன, இருக்கட்டும்.

இருந்தது. 12 அங்குலத் தட்டில் ஒன்பது பாட்டு இருந்தது.

கடைசிப் பாட்டுக்கு ஒரு குட்டிக் கதை. என்.எம்.இ. இதழோடு இலவசமாகத் தருவதற்கென்று அவசரமாக 'டிரெய்ன் இன் வெய்ன்' என்ற பாட்டை எடுத்தார்கள். அந்த ஏற்பாடு நின்றுபோக, ஆல்பத்தின் கடைசியில் சேர்த்துவிட்டார்கள். அதற்குள் அட்டை அச்சாகிவிட்டது. அதனால் பட்டியலில் அந்தப் பாட்டின் பெயரே இல்லை. காதல் முறிவைப் பாடும் அந்தப் பெயரில்லாப் பாட்டுதான் அமெரிக்காவில் 23-ம் இடம் வரை ஏறி, கிளாஷுக்கு அங்கே முதல் கதவைத் திறந்தது.

1979 டிசம்பர் 14 அன்று 'லண்டன் காலிங்' இங்கிலாந்தில் கடைக்கு வந்தது. இரண்டு தட்டு, 19 பாட்டு, சுமார் ஐந்து பவுண்டு. இங்கிலாந்தில் 9-ம் இடம், அமெரிக்காவில் 27-ம் இடம். அமெரிக்காவில் அது 1980 ஜனவரியில் வெளியானதால், 1980-களின் மிகச் சிறந்த ஆல்பம் என்று ரோலிங் ஸ்டோன் இதழ் பின்னாளில் தேர்ந்தெடுத்தது. 2010-ல் பிரிட்டிஷ் அஞ்சல் துறை அந்த அட்டைக்குத் தபால்தலையே வெளியிட்டது. சிமனன் உடைத்த கிட்டாரின் துண்டுகள் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அருங்காட்சியகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த அறையில் திறந்த கதவு வழியாகப் பின்னால் யார் யார் வந்தார்கள் என்பது. சிமனனின் பிரிக்ஸ்டன் பாட்டின் பேஸ் ஒலியை எடுத்து 1990-ல் பீட்ஸ் இன்டர்நேஷனல் குழு ஒரு பாட்டுச் செய்தது. அது இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. கிளாஷ் 1982-ல் வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' புலம்பெயர்ந்தவர்களை யாரும் ஏற்காத வேதனையைப் பாடியது. 2007-ல் அதன் இசையின் மேல் தன் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டைக் கட்டினார் எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம், போருக்குத் தப்பி லண்டன் வந்த ஈழத்துத் தமிழ்ப் பெண். விசாவுக்கும் சந்தேகப் பார்வைக்கும் பதில் சொல்லும் அந்தப் பாட்டின் ஆசிரியர் பட்டியலில் எம்.ஐ.ஏ.வோடு ஸ்ட்ரம்மர், ஜோன்ஸ், சிமனன், ஹெடன் நால்வர் பெயரும் இருக்கின்றன. 1976-ன் சட்டத்துக்குள்ளேயே கிளாஷ் அடங்கியிருந்தால் இந்தச் சங்கிலி அறுந்திருக்கும்.

* * *

1979 கிறிஸ்துமஸுக்கு அவர்கள் ஜெயித்துவிட்டார்கள். ஆனால் ஜெயித்த விதம் அவர்களுக்கு ஓர் ஆசையைக் காட்டிவிட்டது. எந்த இசையையும் தொடலாம், கம்பெனியை வளைக்கலாம், ரசிகனிடம் குறைவாக வாங்கலாம்.

ஒரே வருடத்தில் அடுத்த ஆல்பம். இம்முறை மூன்று தட்டு, 36 பாட்டு, அதுவும் ஒரு தட்டின் விலைக்கு அருகில். கம்பெனி சும்மா ஒப்புக்கொள்ளவில்லை. இங்கிலாந்தில் விற்கும் முதல் 2 லட்சம் பிரதிகளுக்குத் தங்களுக்கு வர வேண்டிய ராயல்டியை விட்டுக்கொடுத்துத்தான் நால்வரும் அதைச் சாதித்தார்கள்.

விட்டுக்கொடுத்தது கடனில் இருந்த குழு. டாப்பர் ஹெடனின் ஹெராயின் பழக்கமோ முற்றிக்கொண்டே போனது. 1981 தொடக்கத்தில் ஸ்ட்ரம்மர் ஒரு நிபந்தனையை முன்வைத்தார்: பெர்னி ரோட்ஸ் திரும்ப வர வேண்டும்.

நீதிமன்றம் வரை போய்ப் பிரிந்த அதே ரோட்ஸை, எந்தக் கணக்கில் ஸ்ட்ரம்மர் திரும்ப அழைத்தார்? அதற்கு மிக் ஜோன்ஸ் ஏன் தலையாட்டினார்?

(அடுத்த வாரம்)